பரு தோன்றும் முகமும் பூசும் பூச்சும்

முகத்திலே பரு தோன்றும் இயல்புடைய பெண்ணொருத்தி இரண்டு தீர்ப்புகளுக்கிடையில் அகப்பட்டுக்கொள்ளுகிறாள். வீட்டிலுள்ள பெரியவர்கள், "கண்ட கண்ட பூச்சுகளை அப்பியதனால் வந்த வினை இது, முகத்தைக் கழுவிவிட்டுச் சும்மா இரு" என்கிறார்கள். கடைக்காரரோ கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பருவை மறைக்க ஒன்று, பருவின் வடுவை மறைக்க ஒன்று, அவ்விரண்டும் தெரியாமல் மேலே பூச ஒன்று என்று மூன்று சிமிழ்களை எடுத்து வைக்கிறார். முதலாவது தீர்ப்பைக் கேட்டால், நாளைக் காலையில் அவள் கந்தோருக்கு எவ்வாறு போவாள் என்பதற்கு விடையில்லை. இரண்டாவதைக் கேட்டால், ஆறு கிழமை கழித்து அவள் முகம் எவ்வாறிருக்கும் என்பதற்கு விடையில்லை.

இதனை அற்ப விடயமென்று ஒதுக்குவோர் உளர். அவர்கள், பேசும்போதெல்லாம் ஒரு கன்னத்தைக் கையால் மறைத்துக்கொள்ளும் மாணவியைக் கண்டிரார். குழுவாகப் படம் பிடிக்கும் நாளில் காய்ச்சலென்று கடிதம் அனுப்புபவளைக் கண்டிரார். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தும் போகாதிருந்த பட்டதாரியைக் கண்டிரார். பரு உயிரைக் கொல்லும் நோயன்று. ஆனால் மனிதர் ஒருவரையொருவர் முதலிற் காண்பது முகத்தையே. பதினைந்து வயதிலும் இருபத்தைந்து வயதிலும் அந்த முகத்தை எவரும் பாராதிருக்க வேண்டுமென்று எண்ணி வாழ்வது இலேசான துன்பமன்று. ஆதலின் அத்தகைய ஒருத்தி எதைப் பூசலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதைச் சற்று விரிவாக ஆராய்தல் பொருத்தமாகும்.

முதலில், அடைபடுவது எது என்று தெரிந்துகொள்ளுதல் வேண்டும். முகத்தின் தோலிலே எளிதிற் புலப்படாத மென்மயிர்கள் எண்ணிறந்தன உள்ளன. ஒவ்வொரு மயிரும் ஒரு சிறு பையினுள்ளிருந்து முளைக்கிறது. அப்பையினுள்ளே நெய்ச்சுரப்பி ஒன்று திறக்கிறது. அது சுரக்கும் நெய் பையின் வாய்வழியாக வெளிவந்து தோலை மெழுகுகிறது. பையின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த கலங்களும் அந்நெய்யோடு வெளியேறும். இதுவே ஒழுங்கு. பூப்படையும் பருவத்தில் ஓமோன்களின் தூண்டுதலால் நெய்ச்சுரப்பி பெருக்கிறது. சிலருக்கு, உதிர்ந்த கலங்கள் வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. நெய்யும் கலமும் திரண்டு, போத்தலின் கழுத்தில் தக்கை இறுகுவது போலப் பையின் கழுத்தில் இறுகிவிடுகின்றன. வாய் மூடியிருந்தால் அது தோலின் நிறத்திலே சிறு குறுணிபோலத் தோன்றும். அதனை வெண்புள்ளி என்பர். வாய் திறந்திருந்தால் தக்கையின் தலை கறுக்கும், அது கரும்புள்ளி. அக்கறுப்பு அழுக்கன்று. தோலுக்கு நிறந்தரும் பொருளும், காற்றுப்பட்டு மாற்றமுற்ற நெய்யுமே அவ்வாறு கறுத்துத் தோன்றுகின்றன. ஆகவே எத்துணை தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. தேய்ப்பதனால் தோல் புண்படுவதே மிச்சம். அடைபட்ட பையினுள்ளே இயல்பாக வாழும் பற்றீரியா பெருகி, உடலின் எதிர்ப்பும் மூளும்போது, செம்பருவும் சீழ்ப்பருவும் எழுகின்றன.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரியாத முதற்றக்கை தோன்றுவதற்கும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியோ பருவோ எழுவதற்கும் இடையில் பல கிழமைகள் செல்லும். சில வேளை இரண்டு மாதமும் செல்லும். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருப்பதனால், குற்றவாளி தப்பிவிடுகிறான். பரு கண்டவள் நேற்றுத் தின்ற மாம்பழத்தைக் குறை கூறுவாள். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய கிறீமைச் சந்தேகிக்கமாட்டாள். சந்தேகிக்காததோடு, எழுந்த பருவை மறைப்பதற்காக அதே கிறீமை இன்னும் சற்றுத் தடிப்பாகப் பூசுவாள். மறைப்பதே மறைக்கவேண்டியதைப் பெருக்குகின்ற இச்சக்கரத்திலே ஆண்டுக்கணக்காகச் சுழல்வோர் பலர்.

இச்சக்கரத்தை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள், அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரில் பணியாற்றிய அல்பேர்ட் கிளிக்மன், ஓட்டோ மில்ஸ் என்னும் இருவர். 1972 ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூப்பின் பருவத்தைக் கடந்த, இளமையிற் பெரிதும் பருக்கண்டறியாத பெண்களிடத்திலுங்கூட, கன்னத்திலும் நாடியிலும் சிறு சிறு புள்ளிகள் ஓயாது தோன்றிக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். தாம் பார்த்த வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இக்குறை இருந்ததென்றும், முகத்திற் பூசும் பொருள்களே இதற்குக் காரணமென்றும் அவர்கள் எழுதினார்கள். அந்நாளைய கிறீம்களை முயலின் காதின் உட்புறத்தில் நாள்தோறும் தடவிப் பார்த்தபோது, அவற்றுள் ஏறக்குறைய பாதி அங்கேயுள்ள மயிர்ப்பைகளை அடைத்துவிட்டன. கம்பளியாட்டின் உரோமத்திலிருந்து பெறும் லனோலின், சில தாவர எண்ணெய்கள், பியூற்றைல் ஸ்ரியரேற்று, ஒலெயிக்கமிலம், வசலீனாக விற்கப்படும் பெற்றோலேற்றம் ஆகியன குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டன.

கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. விற்றமின் ஏ யிலிருந்து வரும் அமிலத்தைப் பருவுக்கு மருந்தாக்கிப் புகழ்பெற்ற அவரே, 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையில் அடைபட்டிருந்தவர்களின் உடலிலே பலவகைப் பொருள்களைச் சோதித்தவர். அதற்காகப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2021 ஆம் ஆண்டிலும், பிலடெல்பியா நகரம் 2022 ஆம் ஆண்டிலும் மன்னிப்புக் கோரின. தோலைப் பற்றிய அறிவிற் சில பகுதி பிறர் தோலின் விலையாலே பெறப்பட்டது.

முயற்காதிலே தொடங்கிய சோதனை நாளடைவில் ஒரு பட்டியலாக வளர்ந்தது. ஜேம்ஸ் புல்ரன் என்னும் மருத்துவர், 1984 ஆம் ஆண்டிலும் 1989 ஆம் ஆண்டிலும், பூச்சுகளிற் சேரும் பொருள்கள் ஒவ்வொன்றும் மயிர்ப்பையை எவ்வளவு அடைக்கும் என்பதற்கு 0 முதல் 5 வரை புள்ளி வழங்கி வெளியிட்டார். ஐசோபுரோப்பைல் மிரிஸ்ரேற்று என்னும் நீர்போன்ற எண்ணெய்ப்பொருள் அதில் மிக உயர்ந்த புள்ளி பெற்றது. தேங்காயெண்ணெயும் கொக்கோ வெண்ணெயும் 4 என்ற அளவில் நின்றன. கன்னத்துக்குச் சிவப்பூட்டும் சில செயற்கைச் சாயங்களும் ஐயத்துக்குரியனவாயின. அப்பட்டியல் இன்றுவரை கைமாறி வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சிமிழின் பின்புறத்திலுள்ள நுண்ணெழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி, ஒரு பெயர் அகப்பட்டவுடன் சிமிழையே எறிந்துவிடும் பெண்கள் உண்டு. அவர்கள் அத்துணைத் துன்பப்படத் தேவையில்லை.

ஏனெனில் அப்பட்டியலுக்கு எல்லையுண்டு. முயலின் காது மனிதமுகத்தைவிட மிக எளிதாக அடைபடுவது. சோதிக்கப்பட்டது பெரும்பாலும் தனிப்பொருள். முகத்திற் பூசப்படுவதோ இருபது முப்பது பொருள்களின் கலவை. ஒரு கறியிலே மிளகாய் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் அது எவ்வளவு உறைக்கும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு சேர்ந்தது, எதனோடு சேர்ந்தது என்பது தெரியவேண்டும். 2006 ஆம் ஆண்டில் சோயி திரேலோஸ் என்னும் மருத்துவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளரும், பட்டியலின்படி அடைக்கக்கூடிய பொருள்கள் கலந்த சில பூச்சுகளை மனிதரின் முதுகிலே நான்கு கிழமை கட்டிவைத்துப் பார்த்தார்கள். அப்பூச்சுகள் மயிர்ப்பைகளை அடைக்கவில்லை. 1972 இலே கூண்டில் நின்ற வசலீனை, அதே கிளிக்மன் 1996 ஆம் ஆண்டில், முயலிலும் மனிதரிலும் அடைப்பை உண்டாக்குவதில்லை என்று கூறி விடுவித்தார். சுத்திகரித்த கனிய எண்ணெயும் அவ்வாறே பிற்காலத்தில் விடுதலை பெற்றது. ஆகவே பட்டியலை ஒரு குறிப்பாகக் கொள்ளலாம், சட்டமாகக் கொள்ளலாகாது. மிக உயர்ந்த புள்ளியுள்ள பொருள் ஒன்று சிமிழின் பொருள்நிரலிலே முதல் நான்கைந்து பெயர்களுக்குள் வந்தால் ஐயுறுக. பல நாடுகளின் விதிப்படி, நிறையில் மிகுந்தது முன்னும் குறைந்தது பின்னுமாகவே அந்நிரல் எழுதப்படுகிறது. கடைசி வரியிற் கிடக்கும் ஒன்றுக்காக அஞ்சவேண்டுவதில்லை.

இனி, சிமிழின் முன்புறத்திற் பெரிய எழுத்தில் உள்ளதைப் பார்க்கலாம். "நொன்-கொமெடோஜெனிக்" என்ற தொடர் இக்காலத்திற் பெரும்பாலான பூச்சுகளின்மேல் எழுதப்பட்டிருக்கிறது. மயிர்ப்பையை அடைக்காதது என்பது அதன் பொருள். இத்தொடரை எழுதுவதற்கு எந்தச் சோதனையில் தேறவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் விதி எதுவும் வகுக்கவில்லை. உற்பத்தியாளர் தாமே சோதித்து, தாமே தீர்ப்பளித்து, தாமே எழுதிக்கொள்ளலாம். சிலர் மனிதரிலே முறையாகச் சோதித்து எழுதுகிறார்கள். சிலர் பட்டியலைப் பார்த்து எழுதுகிறார்கள். ஒவ்வாமை தராதது என்று பொருள்படும் "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லின் கதையும் இதுவே. அதற்குச் சோதனை வேண்டுமென்று அந்நிருவாகம் 1975 ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. ஒப்பனைப் பொருள் நிறுவனங்கள் வழக்காடி, 1977 ஆம் ஆண்டின் முடிவில் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிவிட்டது. எனினும் நொன்-கொமெடோஜெனிக் என்ற சொல் பயனற்றதன்று. அது உள்ள சிமிழ் இல்லாத சிமிழைவிடப் பாதுகாப்பாயிருக்கக்கூடும். உறுதிச்சீட்டன்று, அவ்வளவே.

"எண்ணெயற்றது" என்ற சொல்லிலோ இன்னும் சற்று எச்சரிக்கை வேண்டும். எண்ணெய் என்ற பெயரில்லாது எண்ணெயின் தொழிலைச் செய்யும் பொருள்கள் பல. மேலே கூறிய ஐசோபுரோப்பைல் மிரிஸ்ரேற்று அவற்றுள் ஒன்று. "இயற்கையானது" என்பதும் ஒரு சிபாரிசாகாது. தேங்காயெண்ணெயைவிட இயற்கையானது யாது?

அவ்வாறாயின் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? எமது நாட்டின் புழுக்கத்தில் வாழ்பவளுக்கு முதலாவது விதி, குறைவாகப் பூசுதல். முகம் முழுவதும் பவுண்டேசன் என்னும் அடிப்பூச்சைத் தடிப்பாக அப்புவதிலும், வடுவுள்ள இடத்தில் மட்டும் மறைப்புப் பூச்சை நுனிவிரலால் ஒற்றி, மேலே சிறிது பவுடர் தூவுதல் நன்று. ஐந்து வடுவை மறைப்பதற்கு முகம் முழுவதையும் மூடுதல், கூரையில் ஐந்து ஓடு உடைந்ததற்காக வீடு முழுவதையும் படங்கினால் மூடுவதை ஒக்கும். அடிப்பூச்சு வேண்டுமாயின், குச்சியாகவும் கட்டியான கிறீமாகவும் உள்ளவற்றை விடுத்து, நீர்போல ஓடுவதைத் தெரிதல் வேண்டும். நீரை முதலாகக் கொண்டதும், டைமெதிக்கோன் போன்ற சிலிக்கன் பொருளை முதலாகக் கொண்டதும் பரு முகத்துக்குப் பொதுவாக ஏற்றன. சிலிக்கன் தோலை மூடி மூச்சுத்திணறச் செய்யும் என்று ஒரு கூற்று உலவுகிறது. தோல் அதன் வாயில்களால் மூச்சு விடுவதுமில்லை. டைமெதிக்கோன் மயிர்ப்பையை அடைப்பதுமில்லை. தூள் பவுடர், கட்டிப் பவுடர் இரண்டில் தூளே மேல். கட்டியாக அழுத்துவதற்கு எண்ணெய்ப் பிசின் ஏதேனும் சேர்க்கவேண்டியிருக்கும். மணம் மிகுந்தவற்றை விலக்குதல் நன்று. மணப்பொருள் துவாரத்தை அடைப்பதில்லையாயினும், மருந்தினால் மெலிந்துபோன தோலை எரிக்கும்.

நிறத்தைத் தேர்வதில் இந்நாட்டுப் பெண்கள் நெடுங்காலம் ஏமாற்றப்பட்டு வந்தார்கள். வெண்டோலுக்காகச் செய்த பூச்சுகளே கடைகளில் மலிந்திருந்தன. அவற்றைப் பூசினால் மாநிற முகத்தில் சாம்பல் படிந்தாற்போல் தோன்றும். அச்சாம்பலை மறைக்க மேலும் பூசவேண்டியதாகும். கடையின் மின்விளக்கில் அன்றி வாசலின் பகலொளியில், புறங்கையில் அன்றித் தாடையோரத்தில் தடவிப் பார்த்து, பூசிய இடமும் பூசாத இடமும் வேறுபடாத நிறத்தைக் கொள்ளுதல் வேண்டும். நிறம் சரியாக அமைந்தால் பாதியளவு பூச்சே போதும் என்பதைக் கவனிக்க. பருவின் சிவப்பை மறைக்கப் பச்சை நிறப் பூச்சைத் தடவுமாறு மேல்நாட்டுச் சஞ்சிகைகள் கூறுவது வெண்டோலினருக்கு. எம்மவர் முகத்திலே பரு ஆறிய பின் எஞ்சுவது பெரும்பாலும் கபிலநிறக் கறை. அதனை மறைக்க வல்லது செம்மஞ்சள் சார்ந்த பூச்சே.

அக்கறையை ஆழமாக்குவது வெயில். பரு ஒரு கிழமையில் ஆறிவிடும். அதன் கறை மாதக்கணக்காக நிற்கும். பலருக்குப் பருவிலும் பார்க்க அக்கறையே பெருந்துயரம். ஆகவே வெயிற்காப்புப் பூச்சு, அதன் காப்பெண் 30 க்குக் குறையாததாய், கட்டியான கிறீமாக இல்லாது களியாகவோ நீராகவோ உள்ளதாய், முதலில் வாங்கவேண்டிய பொருளாகும். அடிப்பூச்சுக்குப் பணமில்லாதவள் அதைத் தவிர்க்கலாம், இதைத் தவிர்க்கலாகாது. நாகவொட்சைட்டு என்னும் சிங்க் ஒக்சைட்டும், ரைற்றேனியம் டயொக்சைட்டும் கலந்தவை பருவுள்ள தோலுக்கு இணங்குவன. ஆனால் முகத்தை வெளுத்துக் காட்டும். இரும்பொட்சைட்டினால் நிறமூட்டிய வெயிற்காப்பு அக்குறையைத் தீர்ப்பதோடு, மாநிறத் தோலைக் கறுக்கச்செய்யும் கட்புலனொளியையும் தடுக்கும். வெயிற்காப்பும் அடிப்பூச்சும் ஒன்றாக அமைந்த அத்தகைய பூச்சு ஒன்று, பலருக்கு இரண்டு சிமிழ்களின் வேலையைச் செய்துவிடும்.

பூச்சைக் குற்றஞ்சாட்டு முன்னர் தலையையும் பார்த்தல் வேண்டும். நெற்றியிலும் கன்னப்பொறிகளிலும் மட்டும் நெருக்கமாகப் புள்ளிகள் தோன்றுமாயின், காரணம் முகப்பூச்சாக இல்லாது தலையெண்ணெயாக இருக்கலாம். அமெரிக்காவிலே தலைமயிருக்குப் பூசும் கட்டித்தைலத்தால் நெற்றியில் எழும் பருக்களைப் பற்றி 1970 ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். காலையில் தேங்காயெண்ணெய் தடவி வாரி முடித்துக்கொண்டு வெயிலில் நடப்பவர்களுக்கு, எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் இறங்குவது சொல்லாமலே விளங்கும். எண்ணெயைக் கைவிடவேண்டுவதில்லை. முழுகும் நாளுக்கு முன்னிரவில் தலையின் நடுப்பகுதியிற் பூசி, காலையில் தலையையும் நெற்றியையும் கழுவிவிடலாம். தலையணையுறையை அடிக்கடி மாற்றுதலும் வேண்டும். இது ஆடவருக்கும் பொருந்தும்.

புதிதாக வாங்கிய எதனையும் சோதித்தே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். அடிப்பூச்சு, பவுடர், வெயிற்காப்பு மூன்றையும் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளிற் பூசியவள், பரு எழுந்தால் மூன்றில் எதனை விலக்குவாள்? ஒன்றைத் தொடங்கி, ஒரு பக்கத்துத் தாடையோரத்தில் சில நாள் பூசி, எரிவோ தடிப்போ இல்லையெனக் கண்டபின் முகத்துக்குப் பூசி, நான்கு முதல் எட்டுக் கிழமை வரை பார்த்து, அதன் பின்னரே அடுத்ததைத் தொடங்குதல் முறை. தொடங்கிய நாளைச் சிமிழின் அடியில் எழுதி வைத்தல் உதவும். இது பொறுமையைச் சோதிக்கும் வழியென்பது உண்மையே. ஆனால் எந்தப் பட்டியலும் எந்தச் சிமிழும் சொல்ல முடியாத ஒன்றை, அவளுடைய முகத்துக்கு எது ஒத்துவருகிறது என்பதை, இவ்வழி ஒன்றே சொல்லும். ஒருத்திக்கு ஒத்தது அவளுடைய சகோதரிக்கு ஒவ்வாதிருக்கலாம்.

சிவப்பழகு தருவதாகவும், ஒரே கிழமையிற் பருவைப் போக்குவதாகவும் கூறி, பொருள்நிரலின்றி விற்கப்படும் கிறீம்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்லுதல் வேண்டும். அவற்றுட் பல சந்தைகளிலும் இக்காலத்துக் கைத்தொலைபேசி வழியாகவும் கைமாறுகின்றன. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வலிய ஸ்ரெறொயிட்டு மருந்துகள் இத்தகைய கிறீம்களில் மறைவாகக் கலக்கப்படுவதுண்டு. அவை செய்வது முதலில் அற்புதம் போலவே இருக்கும். பருவின் சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும், வாங்கியவள் தோழிகளுக்கும் சொல்லுவாள். சில மாதங்களில் தோல் மெலிந்து, நுண்குருதிக்குழாய்கள் புறத்தே தெரியும், மயிர் முளைக்கும், ஒரே அளவான பருக்கள் முகம் முழுவதும் கிளம்பும். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகும். ஆதலின் மீண்டும் பூசுவாள். வேறு சில வெளுப்புக் கிறீம்களில் இரசம் கலந்திருக்கும். அது தோலினூடாக உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மினமாற்றா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசங் கலந்த பூச்சுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020 ஆம் ஆண்டுடன் நிறுத்துமாறு விதித்தது. கள்ளச்சந்தை விதியைப் படிப்பதில்லை. செய்தவரின் முகவரியும், பொருள்நிரலும், காலாவதி நாளும் இல்லாத சிமிழை முகத்துக்கருகே கொண்டுபோகலாகாது. ஏற்கெனவே மாதக்கணக்காகப் பூசியவள், திடீரெனத் தானே நிறுத்தாது, சிமிழையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

பூசுவதிலும் களைவதிலும் சில சொல்லவேண்டும். பூசுங் கடற்பஞ்சும் தூரிகையும் முகத்தின் நெய்யையும் பழைய பவுடரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுவன. கிழமைக்கொருமுறை மென்மையான சவர்க்கார நீரிற் கழுவி நன்றாக உலர்த்தவேண்டும். பிறருடைய பஞ்சை வாங்கிப் பூசுதல் தகாது. கடைகளில் எல்லாரும் தொட்டுப் பார்க்கும் மாதிரிச் சிமிழும் அத்தகையதே. இரவில் எவ்வளவு களைப்பாயினும் பூச்சோடு உறங்கலாகாது. ஈரத்தாளால் துடைத்துவிட்டுப் படுப்பது பாதி வேலை. துடைத்தபின் மென்மையான முகக்கழுவியால் நீர்விட்டுக் கழுவ வேண்டும். உடுப்புக்குரிய சவர்க்காரமும், பயறு உமி முதலியவற்றின் கரகரப்பான மாவும், முரட்டுத் துவாயும் பருமுகத்துக்குப் பகை. நாளுக்கு இருமுறையும், வியர்த்தபோது ஒருமுறையும் கழுவுதல் போதும். கழுவிக் கழுவி முகத்தை வரட்டினால் பரு அஞ்சி ஓடுமென்பது வீண்நம்பிக்கை.

அரங்கில் ஆடுவோர் நிலை வேறு. ஒப்பனையை அரிதாரம் என்று வழங்கும் வழக்கமே, முற்காலத்தில் முகத்திற் பூசப்பட்டது ஆசனிக்குக் கலந்த மஞ்சட்கனியம் என்பதை நினைவூட்டுகிறது. இக்காலத்து அரங்கப்பூச்சு அத்துணைக் கொடியதன்று. ஆயினும் விளக்கொளியையும் வியர்வையையும் தாங்குவதற்காகத் தடித்த நெய்யும் மெழுகும் சேர்ந்தது. நடன அரங்கேற்றத்துக்கு ஒருநாட் பூசுவதால் பெருங்கேடு விளையாது. ஒத்திகைதோறும் பூசுவதே கேடு. பயிற்சி நாட்களில் வெறுமுகத்தோடு ஆட விடுவது ஆசிரியருக்குரிய கடமை.

இவை யாவும் பருவைப் பெருக்காதிருக்கும் வழிகளேயன்றிப் பருவை மாற்றும் வழிகளல்ல. பரு ஒரு நோய். அதற்கு மருந்து உண்டு. பென்சோயில் பேரொட்சைட்டு, சலிசிலிக்கமிலம், அடப்பலீன் முதலியன புறப்பூச்சு மருந்துகள். கருவுற்றவரும் கருவுற எண்ணியவரும் விற்றமின் ஏ வழிவந்த மருந்துகளை வைத்தியரைக் கேளாது தொடலாகாது. மருந்தைப் பூசி, அது உலர்ந்தபின் ஈரங்காக்கும் மெல்லிய பூச்சு, அதன் மேல் வெயிற்காப்பு, அதன் மேலேயே நிறப்பூச்சு என்பது காலை ஒழுங்கு. அடப்பலீனை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே அளவினவாய், அரிப்போடு, நெற்றியிலும் முதுகிலும் கிளம்பும் புள்ளிகள் பருவே அல்லாது, வெக்கையிற் பெருகும் ஒருவகைப் பங்கசுவின் வேலையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. வலியோடு ஆழமாக எழுந்து குழிவிடும் பருவை வீட்டில் வைத்து மாதக்கணக்காகப் பார்த்திருத்தல் கூடாது. குழி விழுந்தபின் அதனை நிரப்ப வல்ல பூச்சு எதுவும் இல்லை.

மருத்துவம் நடக்கும் காலத்தில் ஒப்பனையை முற்றாக விலக்க வேண்டுமா என்ற வினாவுக்கு, 2005 ஆம் ஆண்டில் யப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று விடை தருகிறது. பருவுக்கு மருந்து பெற்றுவந்த பெண்கள் சிலருக்கு, பருமுகத்துக்கு ஏற்ற பொருள்களைக்கொண்டு ஒப்பனை செய்யும் முறையை அவர்கள் கற்பித்தார்கள். அப்பெண்களின் பரு அதனால் மோசமாகவில்லை. அவர்களுடைய வாழ்வின் நலம் பற்றிய வினாக்களுக்கு அவர்கள் அளித்த விடைகளோ முன்னிலும் நல்லனவாயின. பார்க்கப்பட்டோர் தொகை குறைவுதான். ஆயினும் "கழுவிவிட்டுச் சும்மா இரு" என்னும் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி அது.

திருமணம் நிச்சயமான வீட்டில் இவ்விடயம் அவசரமாகிவிடுகிறது. மணநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது புதிய மருந்தையோ முகத்தை உரிக்கும் சிகிச்சையையோ தொடங்குவது ஆபத்து. தொடங்குவதாயின் மூன்று நான்கு மாதத்துக்கு முன் தொடங்கவேண்டும். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்பவரிடம், எந்தப் பொருளைப் பூசப்போகிறார் என்று ஒரு மாதத்துக்கு முன்னரே கேட்டு, அதை ஒருமுறை பூசிப் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய தூரிகைகள் கழுவப்பட்டனவா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. மணநாளிரவில், விருந்தினர் வீட்டில் நிறைந்திருக்க, அணிகளைக் கழற்றி வைக்கும்போதே முகத்துப் பூச்சையும் களைவதற்கு அவளுக்குக் கால்மணி நேரமும் சிறிது வெந்நீரும் வேண்டும். அதை நினைவில் வைத்துக் கொடுப்பதற்கு வீட்டில் ஒருவர் இருப்பாராக.